தறி கைமாறும்போது எது கைமாறுகிறது?

வீட்டிலிருந்தபடியே நடக்கும் சிறுதொழிலை விலைக்கு வாங்குவோர் உண்மையில் எதற்குப் பணம் தருகிறார்கள்: முசிறிக் கோரைப்பாய்த் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு தொழிலைப் புதிதாகத் தொடங்குவதும், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலை விலைக்கு வாங்கி நடத்துவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், பொருளியல் நோக்கிலும் சட்ட நோக்கிலும் இரண்டும் வெவ்வேறானவை. முன்னதில் முதல் போடுபவர் வருங்காலத்தைப் பற்றிய தம் ஊகத்துக்குச் செலவிடுகிறார். பின்னதில் வேறொருவர் பல ஆண்டுகள் ஈட்டிவைத்த பழக்கத்துக்கு விலை கொடுத்து, அது தம் கையிலும் தொடரும் என்று நம்புகிறார். நாளிதழ்களின் வரி விளம்பரப் பகுதியில் ‘நல்ல முறையில் நடந்துகொண்டிருக்கும்’ என்று தொடங்கி ‘சொந்தக் காரணங்களால் விற்பனைக்கு’ என்று முடியும் அறிவிப்புகள் யாவும் இந்த நம்பிக்கையைத்தான் விலைபேசுகின்றன. அந்தச் சொந்தக் காரணம் முதுமையாக இருக்கலாம், பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்டதாக இருக்கலாம், கழுத்தை நெரிக்கும் கடனாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் வாங்குபவருக்குத் தீங்கற்றவை, மூன்றாவதோ அவரையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது. விளம்பரம் மட்டும் மூன்றையும் ஒரே சொற்றொடரில் அடக்கிவிடுகிறது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு நேர் எதிரே அமைந்த முசிறி இந்தக் கேள்வியை ஆராய ஏற்ற ஊர். (சங்க இலக்கியம் பாடும் சேரர் துறைமுகமான முசிறி வேறு.) ஆற்றோரத்து ஈரநிலங்களில் விளையும் கோரைப்புல்லும், அதைக்கொண்டு நெய்யப்படும் பாயும் முசிறி, தொட்டியம் வட்டாரத்தின் அடையாளங்களுள் அடங்கும். புவிசார் குறியீடு பெற்ற நெல்லைச் சீமையின் பத்தமடைப் பாய் நுண்மையான நெசவுக்கும் பட்டுப்போன்ற வழவழப்புக்கும் பேர்போனது. முசிறிப் பாயோ அன்றாடம் விரித்துச் சுருட்டும் பாய். அதனாலேயே அதன் வணிகம் அழகைவிட அளவையும், கலைஞரின் பெயரைவிட மொத்த வியாபாரியின் தொடர்பையும் நம்பியிருக்கிறது. தறிகள் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய கொட்டகைகளில் நிற்பவை. எனவே வீடு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எளிதன்று.

கோரை ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் மறுதாம்பு விட்டு அறுவடை தரும் பயிர். அறுத்த தாளை நீளம் பார்த்துத் தரம் பிரித்து, வெயிலில் உலர்த்தி, கட்டுகளாகக் கட்டுகிறார்கள். உலரும் நாட்களில் மழை பட்டால் தாளின் நிறம் கருத்து விலை சரிந்துவிடும். பாவாக நூல் நீளவாக்கில் ஓட, ஊடையாகக் கோரைத்தாள் குறுக்கே செல்கிறது. பழைய கைத்தறியில் ஒருவர் தாளைக் கோத்துக்கொடுக்க மற்றொருவர் அச்சை இழுத்து அடிக்க வேண்டியிருந்ததால், இருவர் சேர்ந்தாலன்றிப் பாய் இல்லை. விசைத்தறி வந்தபின் வேகம் கூடியது, பருத்தி நூலின் இடத்தை நைலான் நூல் பிடித்தது. நெய்தபின் ஓரம் வெட்டி மடித்துத் தைக்கும் வேலையை வீட்டிலிருந்தே துண்டுக்கூலிக்குச் செய்துதர முடியும். துண்டுக்கூலி என்பது நேரத்துக்கன்றி முடித்துத்தரும் எண்ணிக்கைக்குத் தரப்படும் கூலி.

இத்தகைய தொழிலின் வரவு ஆண்டு முழுதும் சமமாக இருப்பதில்லை. திருமணச் சீரில் பாய்க்கு இடம் இருப்பதால் தை முதல் வைகாசி வரையிலான முகூர்த்த மாதங்களில் தேவை கூடும், ஆடியில் குறையும், ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை உலராது, உலர்ந்த இருப்பு வைத்திருப்பவரே தறியை ஓட்ட முடியும். மேட்டூர் அணையின் நீர்த்திறப்பும் ஆற்றுப் பெருக்கும் விளைச்சலைப் பாதிக்கும். ஆகவே விற்பவர் காட்டும் மூன்று மாதக் கணக்கு, அது எந்த மூன்று மாதம் என்று தெரியாதவரை எதையும் நிறுவாது. மாசி, பங்குனிக் கணக்கைக் காட்டித் தொழிலை விற்பது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை, பாதி உண்மைக்கு முழு விலை கொடுப்பவர் ஐப்பசியில்தான் விழித்துக்கொள்வார்.

இனி, வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிபவை தறி, மோட்டார், கோரை இருப்பு, நூல், முடிந்த பாய்க்கட்டுகள் ஆகியவை. இவற்றுக்குச் சந்தை விலை உண்டு. பழைய தறியை விற்கவும் வாங்கவும் வேறு வழிகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாதவையே தொழிலை நடத்துபவை: எந்த விவசாயி முன்பணம் வாங்காமல் நல்ல தாளை ஒதுக்கிவைப்பார், எந்த மொத்த வியாபாரி பங்குனியில் எடுத்த சரக்குக்கு ஆவணியில் பணம் தருவார், எந்த நெசவாளர் கண்டித்தால் மறுநாள் வரமாட்டார் என்பன போன்ற அறிவு. வணிகச் சட்டம் இதை ‘குட்வில்’ என்று அழைக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்பிவரும் நிகழ்தகவுக்கு இடப்படும் விலை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பெருநிறுவனத்தில் இந்த நற்பெயர் ஒரு முத்திரையிலோ பிராண்டிலோ குடியிருக்கும். வீட்டுத்தொழிலில் அது நடத்துபவரின் நினைவிலும் அவருடைய கைபேசி எண்ணிலும் குடியிருக்கிறது. நினைவைப் பத்திரத்தில் எழுதி மாற்றித்தர முடியாது என்பதே இவ்வகைக் கொள்முதலின் அடிப்படைச் சிக்கல். இக்கட்டுரை சொல்ல வருவதும் அதுவே.

இந்தியாவில் இத்தகைய கொள்முதலுக்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்குவது பலரும் அவ்வகையில் எண்ணிப்பாராத ஓர் அமைப்பு. 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் நான்கு பாக்கெட் அப்பளத்தோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் லிஜ்ஜத் பாப்பட், வெற்றிடத்தில் பிறந்த தொழில் அன்று. சமூகப் பணியாளர் சகன்லால் கரம்சி பாரேக்கிடம் 80 ரூபாய் கடன் பெற்ற அப்பெண்கள், நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அப்பளத் தொழிலை ஏற்று நடத்தினார்கள். அவர்கள் அதன் நடைமுறையை மாற்றினார்கள்: மாவைப் பொதுவிடத்தில் பிசைந்து, உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்று இட்டு, உலர்த்தி, மறுநாள் காலை கொண்டுவந்து எடைபோட்டுக் கூலி பெறும் முறை நிலைபெற்றது. வேலை வீட்டில் நடந்தாலும் தரச்சோதனை ஒரே இடத்தில் நடந்தது. இன்று 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினராக உள்ள அமைப்பாக அது வளர்ந்திருப்பதும், நிறுவியவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதும் பலரறிந்த செய்திகள். அதிகம் கவனிக்கப்படாதது எதுவென்றால், நட்டத் தொழிலை வாங்கியவர்கள் நட்டத்துக்குக் காரணமான நடைமுறையை வாங்கவில்லை என்பது. ஸ்ரீரங்கத்து வீடுகளில் அப்பளமும் வடாமும் ஊறுகாயும் செய்து விற்பவரிடமிருந்து தொழிலை ஏற்க நினைப்பவரும், முசிறியில் பாய்த்தறியை ஏற்க நினைப்பவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது: தொழில் சோர்ந்திருப்பது பொருளாலா, நடத்தும் முறையாலா? பிளாஸ்டிக் பாய் வந்து தேவையையே குறைத்திருந்தால் எந்த முறை மாற்றமும் அதைத் திருப்பிவிடாது. கணக்கு வைக்காமல், வசூலிக்காமல் சோர்ந்திருந்தால் அதுவே மலிவாகக் கிடைக்கும் நல்ல தொழில்.

கணக்கில் மறைந்திருக்கும் உழைப்பு

வீட்டுத்தொழிலின் இலாபத்தை மதிப்பிடுவதில் நேரும் பெரும்பிழை, குடும்பத்தாரின் கூலியற்ற உழைப்பை இலாபம் என்று கொள்வது. ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாண்டர் சயனோவ் 1920களில் உழவர் குடும்பங்களை ஆராய்ந்தபோது, கூலிக்கு ஆள் வைக்காத குடும்பம் முதலாளிய நிறுவனத்தைப்போல இலாபக் கணக்குப் பார்ப்பதில்லை என்றும், தேவை நெருக்கும்போது தன் உழைப்பைத் தானே மலிவாக்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கும் என்றும் விளக்கினார். இந்தியாவில் வேளாண் விளைபொருள்களுக்கு ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையமும், கையிலிருந்து பணமாகச் செய்த செலவைத் தனியாகவும், அதனோடு குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்த செலவைத் தனியாகவும் கணக்கிடுகிறது. உழவுக்குப் பொருந்தும் இந்தப் பிரிப்பு தறிக்கும் பொருந்தும்.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். விற்பவர் மாதம் 40,000 ரூபாய் மிச்சம் என்கிறார்; அது பொய்யும் அன்று. ஆனால் கணவனும் மனைவியும் தறியில் நிற்கிறார்கள். அவர்கள் இடத்தில் கூலியாள் வைத்தால் 24,000 ரூபாய் போகும். தாயார் கோரையைத் தரம் பிரிக்கிறார், அதற்கு 6,000. கொட்டகை சொந்தம் என்பதால் வாடகை எழுதப்படவில்லை, அதற்கு 4,000. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 6,000. ஓராண்டு வருமானமே விலை என்று விற்பவர் 4,80,000 ரூபாய் கேட்டால், உண்மை மிச்சமான ஆண்டுக்கு 72,000 ரூபாயில் அந்த முதல் திரும்பிவர ஆறரை ஆண்டுகளுக்கு மேலாகும். வாங்குபவரும் குடும்பத்தோடு தறியில் நின்றால் 40,000 அவருக்கும் கிடைக்கும்தான். ஆனால் அதில் பெரும்பகுதி அவரவர் கூலியே. கூலிக்காக முன்கூட்டியே இலட்சக்கணக்கில் கொடுப்பது தகுமா என்பதை அவர் அப்போதாவது யோசிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி கைபேசியில் நடத்தலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவருக்கு இந்தக் கழித்தல் இன்னும் கடுமையானது, ஏனெனில் தறியில் நிற்க அவர் வரப்போவதில்லை.

பத்திரம் சொல்வதும் சொல்லாததும்

முசிறி போன்ற ஊர்களின் வீட்டுத்தொழில்கள் பெரும்பாலும் தனியுரிமை வணிகங்கள். தனியுரிமை வணிகம் என்பது உரிமையாளரிலிருந்து பிரித்தறிய முடியாத தொழில். கம்பெனியைப்போல அதற்குத் தனி ஆளுமையைச் சட்டம் வழங்குவதில்லை. எனவே ‘தொழிலை வாங்கினேன்’ என்பது பேச்சுவழக்கு. சட்டப்படி வாங்கப்படுவது தறியும் இருப்பும் வரவேண்டிய பாக்கிகளும் நற்பெயரும் அடங்கிய ஒரு தொகுப்பு. நடப்புக் கணக்கு, வரி எண், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆகியவை பழைய உரிமையாளரின் பெயரோடே நின்றுவிடும். புதியவர் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை, வெளிமாநில விற்பனை போன்ற விலக்குகள் நீங்கலாக, ஜிஎஸ்டி பதிவு கட்டாயமன்று. ஆனால் பதிவு பெற்ற தொழிலை வாங்குபவர் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்று உண்டு: 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி, தொழில் கைமாறிய நாள்வரையிலான வரி, வட்டி, அபராதப் பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள். பாக்கி இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொல்வது இந்தப் பிரிவின்முன் நிற்காது.

மின்னிணைப்பும் அத்தகையதே. வீட்டுக் கட்டண இணைப்பிலிருந்து கம்பி இழுத்துத் தறி ஓட்டியிருந்தால், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்கீழ் அது அனுமதியற்ற பயன்பாடு; பொருந்தும் கட்டணத்தைப்போல் இருமடங்கு மதிப்பிட்டு வசூலிக்கலாம். முந்தைய நுகர்வோரின் மின்கட்டண நிலுவையை, வழங்கல் விதிகள் இடம் தந்தால், இடத்தை வாங்கியவரிடம் கேட்கலாம் என்று கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தறியை வாங்கினாலும் கொட்டகை விற்பவரின் வீட்டோடு ஒட்டியிருப்பதால், வாங்குபவர் தறியைத் தம் வீட்டுக்குப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும் அல்லது கொட்டகையை வாடகைக்குப் பெற வேண்டும். பெயர்த்தால் நடந்துவரும் தொலைவில் இருந்த நெசவாளர்கள் நின்றுவிடக்கூடும். வாடகைக்குப் பெற்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் நகர்ப்புறங்களில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வேண்டுகிறது. பதினொரு மாதத்துக்கு எழுதித் தப்பித்துக்கொள்ளும் பழைய வழக்கம் அதனோடு பொருந்தாது.

இவை எல்லாவற்றையும்விட வாங்குபவரின் நெஞ்சில் இருக்கும் அச்சம் ஒன்று: பணத்தை வாங்கிக்கொண்டு, விற்றவரே அடுத்த தெருவில் புதுத்தறி போட்டால்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை ஆக்குகிறது. ஆனால் அதே பிரிவு ஒரே ஒரு விலக்கைத் தருகிறது: நற்பெயரை விற்றவர், வாங்கியவர் அத்தொழிலை நடத்திவரும்வரை, குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம்; எல்லை நியாயமானது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். முசிறி வட்டம் என்று எழுதினால் நிற்க வாய்ப்புண்டு. தமிழ்நாடு முழுவதும் என்று எழுதினால் நிற்பது ஐயம். இங்கே நுட்பம் ஒன்று இருக்கிறது. தறியையும் இருப்பையும் மட்டும் பட்டியலிட்டுப் பத்திரம் எழுதி, நற்பெயரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டால் இந்த விலக்கைக் கோருவது கடினமாகிவிடும். குட்வில் என்ற சொல்லுக்குப் பத்திரத்தில் ஒரு தனித்தொகை எழுதப்பட வேண்டியது இதனால்தான். பாய்க்கட்டில் ஒட்டும் பெயர்ச்சீட்டைப் பதிவு செய்யாமல் பயன்படுத்தியிருந்தாலும், 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் அதை எழுதி மாற்றித்தர இடம் தருகிறது.

அரசுத் திட்டங்கள் இவ்விடத்தில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. மானியத்தோடு கடன் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் அடிப்படையில் புதிதாகத் தொடங்கும் அலகுகளுக்கானது. பிறர் நடத்திய அலகை வாங்க அதில் மானியம் இல்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் கடன் நடைமுறை மூலதனத்துக்கு உதவக்கூடும், எனினும் வங்கி மேலாளர் தறிக்கு மதிப்புப் போடுவாரேயன்றி நினைவுக்குப் போடமாட்டார். புதியதைத் தொடங்குவதே முனைவு, இருப்பதைக் காப்பது முனைவாகாது என்ற எண்ணம் கொள்கை வகுப்போரிடம் ஊறிப்போயிருக்கிறது. ஜப்பான் இதில் முந்திக்கொண்டது: 2025ஆம் ஆண்டுக்குள் எழுபது வயதைக் கடக்கும் சிறு, நடுத்தரத் தொழில் உரிமையாளர்கள் 24.5 லட்சம் பேர் இருப்பார்கள் என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அடுத்து நடத்த ஆள் முடிவாகவில்லை என்றும் மதிப்பிட்ட அந்நாட்டு அரசு, விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் தொழில் கைமாற்ற மையங்களை மாகாணந்தோறும் நடத்துகிறது. தறியை விட்டுப் பிள்ளைகள் படித்து வெளியேறிய காவிரிக்கரையிலும் அத்தகைய மையத்துக்கு வேலை இருக்கும்.

வீட்டிலிருந்து நடத்துவது என்பதும் தமிழ் வணிகத்துக்குப் புதியதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கி (வணிகக்கூடம்) வைத்திருந்த நகரத்தார், செட்டிநாட்டு வீட்டில் இருந்தபடியே பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் ஏஜெண்டுகளை அனுப்பித் தொழிலை நடத்தினார்கள். முதலாளிக்கும் கடைக்கும் இடையே கடல் இருந்தாலும், காலந்தவறாமல் வந்து சேர்ந்த கணக்கும் கடிதமும் தொழிலைக் கண்முன் நிறுத்தின. ஆள் மாறினாலும் ஏடு மாறாததால் தொழில் தொடர்ந்தது. இன்றைய வீட்டுத்தொழிலில் வாட்ஸ்அப் ஆர்டரும் யுபிஐ வரவும் இருந்தும் ஏடு இல்லை. கைமாறும்போது வேடிக்கையான இழப்புகள் நேர்வது இதனால்தான்: கொட்டகைச் சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டை பழைய உரிமையாளரின் கணக்குக்கே பணத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், வியாபாரிகள் பத்தாண்டுகளாக அழைத்துவரும் கைபேசி எண் அவர் சட்டைப்பையிலேயே போய்விடும். தறியின் விலையைப் பேரம் பேசுவோர் அந்த எண்ணைப் பெயர் மாற்றித் தரும்படி கேட்க மறந்துவிடுகிறார்கள். இரண்டில் எதை இழந்தால் தொழில் நிற்கும் என்று பார்த்தால், எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும்.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால், விலையை ஒரே தவணையில் கொடுப்பது விற்பவருக்கு மட்டுமே வசதி. தறிக்கும் இருப்புக்கும் உரிய தொகையை உடனே கொடுத்துவிட்டு, நற்பெயருக்குரிய தொகையை ஓராண்டுக்குப் பிரித்து, பழைய வியாபாரிகள் தொடர்ந்து சரக்கெடுக்கும் அளவைப் பொறுத்துக் கொடுப்பதே இருவருக்கும் பொருந்தும் ஏற்பாடு. அந்த ஓராண்டுக்குள் ஒரு முகூர்த்தப் பருவமும் ஒரு மழைக்காலமும் வந்துபோய்விடும். விற்பவரும் முதல் சில மாதங்கள் சம்பளத்துக்கோ ஒப்பந்தப்படியோ உடனிருந்து, விவசாயிகளிடமும் வியாபாரிகளிடமும் புதியவரை நேரில் அழைத்துச்சென்று அறிமுகப்படுத்த வேண்டும். கைமாற்றத்துக்கு ஏற்ற மாதம் ஆடி. விற்பனை மந்தம் என்பதால் கற்றுக்கொடுக்க நேரம் இருக்கும், பழைய பாக்கிகள் எவை வருகின்றன என்பதும் தெரிந்துவிடும். ஆடியில் நல்ல காரியம் தொடங்கும் வழக்கம் இல்லாதவர்கள் பத்திரத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்துவிட்டு, அந்த ஒரு மாதத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து சிட்டை எழுதப் பயன்படுத்திக்கொள்ளலாம்; விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் விளம்பரத்தில் இருந்த சொந்தக் காரணம் எது என்பதை மீண்டும் ஒருமுறை விசாரிப்பது நல்லது.